மீட்டர் இல்லாதவனுக்குத் தேவையும் இல்லையா?

மின்சாரம் என்றதும் நம்மவர்கள் பேசுவது இரண்டே விஷயம். ஒன்று பில், மற்றது கரண்டு கட். இந்த இரண்டுக்கும் முன்னால் நமக்குத் தெரியாமலே ஒரு கணக்கு போடப்படுகிறது. இந்த வட்டாரத்திற்கு இன்னும் ஐந்து ஆண்டில் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும்? இப்போது இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் கம்பியும் அதைத் தாங்குமா? தாங்காது என்றால் எந்த ஆண்டில் மாற்ற வேண்டும்? பொறியியலாளர்கள் இதைத் தேவை முன்கணிப்பு என்கிறார்கள்.

இது எஞ்சினியர்கள் சமாச்சாரம், இதில் உரிமைப் போராட்டத்திற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. பள்ளிக்கூட மானியத்தை யார் பங்கு பிரிக்கிறார்கள், நிலப் பட்டாவை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கிறோம். மின்சாரம் எந்தப் பக்கம் பாய வேண்டும், எந்தப் பக்கம் பாயாவிட்டாலும் பரவாயில்லை என்று முடிவு செய்வது இந்தக் கணக்குதான். அதைப் போடுகிறவர்கள் யாரையெல்லாம் ஆளாக எண்ணுகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

மின் நிலையத்தில் உற்பத்தியாகும் மின்சாரம் 500, 275, 132 கிலோவோல்ட் கம்பிகளில் நாடு முழுக்கப் பயணம் செய்கிறது. வட்டாரத்திற்கு வந்ததும் 33 அல்லது 11 கிலோவோல்ட்டாக இறங்குகிறது. கடைசியில் தாமான் ஓரத்தில் சின்னக் கட்டடத்திலோ கம்பத்தின் மேலோ இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதை 400, 230 வோல்ட்டாக்கி வீட்டுக்கு அனுப்புகிறது. 11 கிலோவோல்ட்டிலிருந்து உங்கள் மீட்டர் வரை உள்ள இந்தக் கடைசிப் பகுதிதான் பகிர்மான வலையின் அடிமட்டம்.

ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் கம்பிக்கும் ஒரு தாங்கும் அளவு உண்டு. அதை மீறினால் உடனே வெடித்துவிடாது. முதலில் சூடேறும். உள்ளிருக்கும் காப்புப் பொருள் கெடும். வெப்பம் 6 முதல் 10 டிகிரி வரை கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர்களின் பழைய கணக்கு. பயன்பாடு கூடக் கூட வரிசையின் கடைசி வீட்டில் மின்னழுத்தம் இறங்கும். விளக்கு மங்கும், பனிப்பெட்டியின் மோட்டார் கருகும். ஒரு நாள் மாலை ஃபியூஸ் போகும்.

ஆகவே முன்கூட்டியே கணக்குப் பார்த்துப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். அதற்கு எடுத்துக்கொள்ளும் ஆதாரங்கள் பொதுவாக மூன்று. முதலாவது, கடந்த ஆண்டுகளில் மீட்டர் காட்டிய உச்சப் பயன்பாடு. இரண்டாவது, புதிய வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் வந்திருக்கும் விண்ணப்பங்கள். மூன்றாவது, அந்த நிலத்தில் என்ன வரப்போகிறது என்று சொல்லும் ஊராட்சி மன்றத்தின் திட்ட வரைபடம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்றையும் ஒரு தோட்டத்து லயத்தின் முன்னால் வைத்துப் பாருங்கள்.

மூன்றிலும் நாம் இல்லை

லயங்களில் மின்சாரம் எப்படி வந்தது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். பல தோட்டங்களில் அது நிர்வாகத்தின் ஜெனரேட்டரில் இருந்து வந்தது. விடியற்காலை பெரட்டுக்கு முன் கொஞ்ச நேரம், பிறகு மாலை ஆறு மணி தொடங்கி இரவு பத்து அல்லது பதினொன்று வரை. அதற்கு மேல் படிக்க வேண்டிய பிள்ளைக்கு மெழுகுவர்த்தி. வேறு சில தோட்டங்களில் நிர்வாகம் ஒரே மீட்டரில் மொத்தமாக மின்சாரம் வாங்கி, தன் சொந்தக் கம்பியில் லயங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது.

முதல் ஆதாரம் கடந்த காலப் பயன்பாடு. ஜெனரேட்டரில் இருந்த குடும்பத்திற்கு மின்வாரியத்தின் மீட்டரே இல்லை. ஆகவே அதன் பயன்பாடு கணக்குப் புத்தகத்தில் சுழியம். மொத்த மீட்டரில் இருந்த குடும்பம் தோட்டத்தின் ஒற்றை எண்ணுக்குள் ஒளிந்துபோனது. பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் பதினொரு மணிக்கு இவர்களுக்குத் தேவை இல்லை என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது ஆதாரம் விண்ணப்பம். தாமானுக்கு மேம்பாட்டாளர் விண்ணப்பிப்பார். தொழிற்சாலைக்கு முதலாளி விண்ணப்பிப்பார். லயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் நில உரிமையாளர். நிலத்தை இன்றோ நாளையோ விற்கக் காத்திருக்கும் உரிமையாளர் எதற்காக விண்ணப்பிக்கப் போகிறார்?

மூன்றாவது ஆதாரம் திட்ட வரைபடம். அதில் தோட்டம் என்பது விவசாய நிலம். பச்சை வர்ணம். பச்சை வர்ணத்திற்குள் நூறு குடும்பம் இருந்தாலும் அது மரத்தின் கணக்குத்தான். அதே நிலம் மேம்பாட்டுக்கு மாற்றப்பட்டதும் வரைபடத்தில் வர்ணம் மாறும், துணை மின்நிலையத்திற்கு இடம் ஒதுக்கப்படும், கம்பி வரும். அந்த நேரத்தில் நம் மக்களுக்கு வெளியேறும் நோட்டீசும் வந்துவிடுகிறது.

இப்படித்தான் கொடுக்காமல் விட்ட நேற்று, கொடுக்கத் தேவையில்லாத நாளை ஆகிறது. எந்த அதிகாரியும் இனத் துவேஷத்தோடு இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒருவர் தேவையே இல்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. நல்ல மனதுள்ள பொறியியலாளர் நேர்மையாகக் கணக்குப் போட்டாலும் அநீதிதான் விடையாக வரும். ஓராங் அஸ்லி கிராமங்களுக்கும், சபா, சரவாக் உட்பகுதி மக்களுக்கும் இதே வாய்ப்பாடுதான்.

மேலே தாராளம், கீழே சிக்கனம்

நம் நாட்டில் முன்கணிப்பு எப்போதும் சிக்கனமாகவே இருந்ததா? இல்லை. 1992 செப்டம்பரில் தீபகற்பம் முழுக்க மின்சாரம் நின்றது. அடுத்த ஆண்டிலேயே சுயேச்சை மின் உற்பத்தியாளர்களுக்கு உரிமம் கொடுக்கும் காலம் தொடங்கியது. பொருளாதாரம் இதே வேகத்தில் வளரும், தேவை இப்படியே ஏறிக்கொண்டே போகும் என்று கணக்குப் போட்டார்கள். 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. கணக்கு தவறியது. 2000களின் நடுப்பகுதியில் தீபகற்பத்தின் உற்பத்தித் திறன் உச்சத் தேவையைவிடச் சுமார் 40 விழுக்காடு அதிகமாக இருந்தது.

அந்தத் தவற்றுக்கு யார் விலை கொடுத்தது? உற்பத்தியாளர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில், மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தயார் நிலையில் வைத்திருப்பதற்கே பணம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கொடுத்தது தெனாகா நேஷனல், அதாவது கடைசியில் பயனீட்டாளர்.

ஒரே நாட்டில், ஒரே காலத்தில், மேலே தேவைக்கு மேல் மின் நிலையம். கீழே, மண்ணெண்ணெய் விளக்கும் ஜெனரேட்டரும். முன்கணிப்பு மேலே தவறியபோது ஒப்பந்தம் வைத்திருந்தவர் நட்டப்படவில்லை. கீழே தவறியபோது ஈடு கட்டியவன் லயத்துக்காரன், அதுவும் இருட்டில்.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 1989 முதல் 1995 வரை எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் துறைக்கு அமைச்சராக இருந்தவர் ம.இ.கா. தலைவர் ச. சாமிவேலு. தேசிய மின்வாரியம் 1990இல் தெனாகா நேஷனல் ஆனதும், 1992இல் பங்குச் சந்தைக்குப் போனதும், சுயேச்சை உற்பத்தியாளர்கள் வந்ததும் அந்தக் காலத்தில்தான். நாற்காலி நம்மவரிடம் இருந்தது. கணக்கு நம்மவரைப் பற்றியதாக இல்லை. அமைச்சரவையில் ஒரு முகம் இருந்தால் போதும் என்று நினைக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

லயம் போய் அடுக்குமாடி வந்தது

இதெல்லாம் பழைய கதை, இப்போது நம்மவர்கள் எங்கே லயத்தில் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். இன்று தோட்ட வேலையில் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசிகள் போன்ற வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நாம் பட்ட அதே பாட்டை அவர்கள் படுகிறார்கள் என்றால் அதற்காகவும் நாம் குரல் கொடுக்க வேண்டும். நம்மவர்களில் பலர் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்துவிட்டார்கள். கணக்கும் கூடவே வந்துவிட்டது.

மின் இணைப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்காக தெனாகா நேஷனல் ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. எந்த வகை வீட்டுக்கு எவ்வளவு உச்சத் தேவை என்று அதில் ஓர் அட்டவணை உண்டு. மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்கும் ஒரு மாடி வரிசை வீட்டுக்கும் 1.5 முதல் 3 கிலோவாட். இரண்டு மாடி பங்களாவுக்கும் சொகுசு கொண்டோவுக்கும் 8 முதல் 15 கிலோவாட். ஐந்து மடங்கு வித்தியாசம்.

பங்களாவில் குளிர்சாதனம் அதிகம், ஆகவே தேவையும் அதிகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 300 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடியை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு 1.5 கிலோவாட் என்று போட்டால் மொத்தம் 450 கிலோவாட். வீட்டுக்கு 3 கிலோவாட் என்று போட்டால் 900. ஒரே கட்டடம், ஒரே மக்கள். எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து டிரான்ஸ்ஃபார்மரின் அளவு இரண்டு மடங்கு மாறுகிறது. செலவைக் குறைக்க நினைக்கும் மேம்பாட்டாளர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லா வீட்டிலும் எல்லாப் பொருளும் ஒரே நேரத்தில் ஓடாது, ஆகவே மொத்தத்தைக் குறைத்துக் கணக்கிடலாம் என்பது பொறியியல் நியதி. ஒரு வீட்டின் சுடுநீர்க் கருவியே 3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். ஆனால் 300 கருவியும் ஒரே நிமிடத்தில் ஓடுவதில்லை. சரி. வெவ்வேறு தொழில் செய்பவர்கள் வாழும் தாமானுக்கு இந்த நியதி நன்றாகப் பொருந்தும். ஆனால் ஒரே தொழிற்பேட்டைக்குப் போகும் தொழிலாளர்கள் நிறைந்த அடுக்குமாடியில்? ஒரே பஸ், ஒரே ஷிப்ட், ஒரே நேரத்தில் வீடு திரும்புதல். ஒரே நேரத்தில் சோறு வேகும், துணி துவையும், குளியல் நடக்கும். பெரட்டு நேரம் எல்லா லயத்துக்கும் ஒன்றாக இருந்ததைப் போலத்தான் இதுவும். வீட்டுக்கு வீடு மாறும் என்று நம்பிக் குறைத்த கணக்கு, இவர்களிடம் வந்து இடறுகிறது.

மூன்று படுக்கையறை வீட்டில் இரண்டு தலைமுறையாகச் சேர்ந்து வாழும் குடும்பங்களையும் அந்த அட்டவணை பார்ப்பதில்லை. அது வீட்டை எண்ணுகிறது, ஆளை எண்ணுவதில்லை.

தமிழ்ப்பள்ளிகளின் கதையும் இதுவே. நாட்டில் சுமார் 530 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பாதிக்கு மேல் பகுதி உதவி பெறும் பள்ளிகள். தோட்ட நிலத்தில் பிறந்த பள்ளிகள் ஏராளம். நாலு மின்விசிறிக்கும் எட்டு விளக்குக்கும் அளந்து கொடுத்த இணைப்பில் கணினி அறையும் குளிர்சாதனமும் ஓட வேண்டுமென்றால் எப்படி ஓடும்? கணினி நன்கொடை கொடுத்துப் படம் பிடித்துக்கொள்பவர்கள், பள்ளியின் மின் இணைப்பு எத்தனை ஆம்பியர் என்று கேட்டுவிட்டுக் கொடுத்தால் புண்ணியமாக இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1990ஆம் ஆண்டின் மின்சார விநியோகச் சட்டம், அதாவது சட்டம் 447, உரிமம் பெற்ற நிறுவனத்தின் மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது. கட்டடத்தின் உரிமையாளரோ குடியிருப்பவரோ கேட்டால் மின்சாரம் கொடுக்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. ஆனால் “குடியிருப்பவர்” என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் நில உரிமையாளரை மட்டும் பார்க்கவில்லை.

தனியார் நிலம், உள்ளே கம்பி கொண்டுபோக முடியாது என்ற சமாதானமும் முழு உண்மையல்ல. அறிவிப்பும் இழப்பீடும் கொடுத்துத் தனியார் நிலத்தின் வழியே மின்கம்பி கொண்டுபோக அதே சட்டம் இடம் தருகிறது. நம்பாதவர்கள் எந்த நெடுஞ்சாலை ஓரத் தோட்டத்தையும் பாருங்கள். ரப்பருக்கும் செம்பனைக்கும் மேலே ராட்சதக் கோபுரங்கள் நிற்கின்றன. நகரத்துக்குப் போகும் மின்சாரத்திற்குத் தோட்டத்தின் வேலி தடையாக இருந்ததில்லை. கீழே இருக்கும் லயத்துக்கு இறங்க வேண்டிய கம்பிக்கு மட்டும் தனியார் நிலம் என்ற சட்டம் நினைவுக்கு வந்தது.

தொழிலாளர் வீடமைப்புக்கான சட்டம் 446ம் அதே 1990இல் வந்தது. தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான மின்சாரம் கிடைக்கச் செய்வது முதலாளியின் கடமை என்கிறது. ஆனால் அது தொழிலாளி என்ற பெயர் உள்ளவரை மட்டுமே காக்கிறது. ஓய்வு பெற்றவர், நிலம் கைமாறி வேலை இழந்து அதே லயத்தில் இருப்பவர், அந்தக் குடைக்குள் வருவதில்லை.

இதற்கெல்லாம் மேலே அரசமைப்புச் சட்டம் இருக்கிறது. 8ஆம் விதி சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. 5ஆம் விதியில் உள்ள உயிர் என்ற சொல், வெறும் மூச்சை மட்டும் குறிக்காது, வாழ்வின் தரத்தைத் தாங்கும் அம்சங்களையும் குறிக்கும் என்று 1996இல் டான் தெக் செங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விரித்துப் பொருள் கொண்டது. மின்சாரம் அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியின் வாசல் அங்கே திறந்திருக்கிறது.

சராசரிக்குள் ஒளியும் இருட்டு

தீபகற்பத்தில் ஒரு பயனீட்டாளருக்கு ஆண்டொன்றுக்கு ஏற்படும் மின்தடை சராசரியாக 45 நிமிடத்தை ஒட்டியே அண்மை ஆண்டுகளில் இருந்துள்ளது. நல்ல எண்தான், பாராட்டலாம். ஆனால் சராசரி என்பது யார் எண்ணப்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மொத்த மீட்டருக்குப் பின்னால் உள்ள நூறு வீடும் இருட்டில் கிடந்தாலும், மீட்டர் வரை மின்சாரம் இருந்தால் அந்தக் கணக்கில் தடையே இல்லை. பயனீட்டாளர் தோட்ட நிர்வாகம்தானே தவிர, நூறு குடும்பம் அல்ல.

வேண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு வேகமாக வளையும் என்பதற்குத் தரவு மையங்களே சாட்சி. 2023இல் தெனாகா நேஷனல் அவர்களுக்கென்று தனி விரைவுப் பாதை ஒன்றை அறிவித்தது. பல ஆண்டுகள் பிடிக்கும் மின் இணைப்பு 12 மாதங்களில். அவை உயர் மின்னழுத்தத்தில் இணைபவை. அடுக்குமாடியின் டிரான்ஸ்ஃபார்மரை அவை பறித்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. மனம் இருந்தால், வரப்போகும் தேவையை நம்பி முன்கூட்டியே வலையைக் கட்ட முடிகிறது என்றுதான் சொல்கிறேன். பழைய மீட்டர் எண் எங்கே என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அதிகமாகக் கட்டினால் செலவு யார் தலையில்?

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லா இடத்திலும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வீண் செலவு, அது கட்டணத்தில்தான் ஏறும், ஏழைதான் அதையும் கட்டுவான் என்பார்கள். நியாயமான வாதம். 40 விழுக்காடு உபரியின் கசப்பு நமக்கே தெரியும்.

ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கணக்கை எங்கள் கண் முன்னால் போடுங்கள் என்றுதான் கேட்கிறோம். எரிசக்தி ஆணையம் ஒவ்வொரு ஒழுங்குமுறைக் காலத்திற்கும் தெனாகா நேஷனலின் மூலதனச் செலவை அங்கீகரிக்கிறது. 2025 முதல் 2027 வரையிலான காலத்திற்கு அது சுமார் 42.8 பில்லியன் ரிங்கிட். இதன் அடியில் இருப்பது முன்கணிப்பு. அந்தப் பணம் எந்த வட்டாரத்தின் கம்பிக்குப் போகிறது, எந்த வட்டாரம் அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளப்பட்டது என்பதைக் கட்டணம் கட்டுகிறவன் தெரிந்துகொள்ளக் கூடாதா?

பிரிட்டனில் பகிர்மான நிறுவனங்கள் தங்கள் வலையின் தாங்கும் அளவு, இப்போதைய சுமை, வரும் ஆண்டுகளின் முன்கணிப்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது உரிம நிபந்தனை. இங்கே பினாங்கும் சிலாங்கூரும் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றின. ஆனால் மின்சாரம் கூட்டரசின் அதிகாரத்தில் உள்ளது. மாநிலச் சட்டம் கூட்டரசு அமைப்பின் கதவைத் திறக்காது.

என்ன கேட்கிறோம், என்ன செய்யலாம்?

அரசாங்கத்திடமும் ஆணையத்திடமும் மூன்று கோரிக்கைகள். ஒன்று, துணை மின்நிலையம் வாரியாகத் தாங்கும் அளவையும் உச்சச் சுமையையும் வெளியிடுவதை உரிம நிபந்தனையாக்குங்கள். இரண்டு, மீட்டரை மட்டும் எண்ணாமல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள குடும்பங்களை எண்ணுங்கள். ஜெனரேட்டரிலும் மொத்த மீட்டரிலும் உள்ள வீடுகளுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். மூன்று, முன்கணிப்பை அங்கீகரிக்கும் முன் குடியிருப்பாளர் சங்கங்களின் கருத்தைக் கேளுங்கள்.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. விண்ணப்பத்தை மட்டும் எண்ணும் கணக்கில் விண்ணப்பிக்காதவன் இல்லாதவன். பள்ளி வாரியங்கள் கூடுதல் மின் இணைப்புக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்க வேண்டும். மறுக்கப்பட்ட விண்ணப்பமும் ஒரு தேவைக் கணக்குதான், நாளை நீதிமன்றத்தில் அது சான்று.

அடுக்குமாடிச் சங்கங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். மின்தடை வந்த நாள், நேரம், நீடித்த நிமிடம், பாதித்த வீடுகள், 15454இல் புகார் செய்தபோது கொடுத்த எண், துணை மின்நிலையக் கதவில் எழுதியிருக்கும் பெயர். விளக்கு மங்கினால் பதிவு பெற்ற வயர்மேனை வைத்து மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள், நீங்களே கை வைக்காதீர்கள். 230 வோல்ட்டில் 6 விழுக்காடு வரைதான் இறங்கலாம். அதாவது 216 வோல்ட்டுக்குக் கீழே போனால் புகாருக்கு இடம் இருக்கிறது. ஆறு மாதப் பதிவோடு எரிசக்தி ஆணையத்திற்கு எழுதுங்கள், நகலை நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள்.

இப்போதைய ஒழுங்குமுறைக் காலம் 2027 இறுதியில் முடிகிறது. அடுத்ததற்கான எண்கள் அதற்கு முன்பே தயாராகிவிடும். அந்தத் தாளில் நம் வீடு இல்லை என்றால் அதற்கடுத்த கணக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஜெனரேட்டர் நின்ற பிறகு படிக்க முடியாமல் போன ஒரு தலைமுறையை ஏற்கெனவே இழந்துவிட்டோம். அந்தப் பிள்ளைகளின் தேவை எந்த மீட்டரிலும் பதிவாகவில்லை. அவர்களுடைய பிள்ளைகளின் தேவையாவது பதிவாக வேண்டும்.